இடது பக்கத்து ஆண் குரல்

காது இரண்டு இருக்கிறதே, ஒன்று போனால் இன்னொன்றை வைத்து ஓட்டிவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். ஓட்டிக்கொண்டும் இருந்தாள். பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் நாளெல்லாம் தொலைபேசி எடுக்கிற வேலை அவளுக்கு. முன்பெல்லாம் ரிசீவரை இடது காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகிக்கொண்டு, வலது கையால் நோயாளியின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்வாள். இப்போது ரிசீவரை வலது பக்கம் மாற்றிக்கொண்டதில் கழுத்து பிடித்துக்கொண்டது, எழுதுகிற கையில் வயர் வந்து இடித்தது. "என்னம்மா, கழுத்து வலியா?" என்று பல் மருத்துவர் கேட்டார். "தலைகாணி சரியில்ல டாக்டர்" என்றாள். அந்தத் தலையணைக்கு வாய் இருந்தால் மானநஷ்ட வழக்குப் போட்டிருக்கும்.

போனது இடது காது. ஜலதோஷம் ஒன்று வந்து போன கையோடு, காலையில் எழுந்தபோது அந்தப் பக்கம் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. தண்ணீர் புகுந்திருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டாள். ஆகவில்லை. தங்கையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு காது மருத்துவரிடம் போனாள். அவர் ஏதேதோ கருவிகளை மாட்டிப் பார்த்து, மாத்திரை கொடுத்து, மறுபடியும் மாட்டிப் பார்த்துவிட்டு, "நரம்பு போயிடுச்சும்மா. இது திரும்ப வராது. இன்னொண்ணு நல்லா இருக்கு, அதைப் பத்திரமா பாத்துக்குங்க" என்றார். வீட்டுக்காரரிடம் அவள் சொல்லவில்லை. அப்போது கடும் கோடை. அவர் மேற்பார்வையாளராக இருந்த குளிர்பான ஆலை மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது. மனிதர் வீட்டுக்கு வந்து விழுவார், எழுந்து போவார், அவ்வளவுதான். கோடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். கோடை முடிந்து மழையும் முடிந்தது. அதற்குப் பிறகு எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

கோடை ஒரு சாக்கு. உண்மையான காரணம் கூடத்தில் இருந்தது. சுவரோரம் ஒரு மர அலமாரி, அதற்குள் பழைய ஆம்ப்ளிஃபயர், தட்டு சுழலும் ரெக்கார்டு பிளேயர், இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். பகலெல்லாம் ஆயிரக்கணக்கான பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஓடும் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிற மனிதர், அந்த அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் பழையபடி மனிதராவார். கல்யாணம் ஆன புதிதில் அவளுக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. ஸ்பீக்கரை ஒரு விரல்கடை நகர்த்திவிட்டு, "இப்ப எப்படி இருக்கு, சொல்லு" என்பார். அவள் உள்ளதை உள்ளபடி சொல்வாள். பாடகி கொஞ்சம் தள்ளி நிற்கிற மாதிரி இருக்கிறது, அடித்தொண்டை கட்டியது போல இருக்கிறது என்று அவள் சொல்லச் சொல்ல அவருக்கு உச்சி குளிர்ந்துபோகும். "உன் காதுதான் எனக்கு மீட்டர்" என்பார். வேறு யாரும் அவருக்கு அகப்படவில்லை. அலமாரியைத் திறக்கும் ஓசை கேட்டாலே மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாள். இப்போது வேலை கிடைத்து வேறு ஊருக்கே போய்விட்டாள். சவுண்டு மாமா என்று தங்கை வைத்த பெயர் சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிட்டது. மிச்சம் இருந்த ஒரே ரசிகை அவள்தான்.

அவளுக்கு அவரைத் தெரியும். மகள் பரீட்சைக்குப் படித்தபோது ஒரு நாள் தலை வலிக்கிறது என்றாள். அவ்வளவுதான், அந்த மனிதர் ஒரு போர்வையை எடுத்து அலமாரியை மூடினார். பரீட்சை முடிந்து முடிவு வரும்வரை அதைத் தொடவே இல்லை. சாயங்காலம் ஆனால் சோபாவில் உட்கார்ந்து போர்வையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தலைவலிக்கு அந்தப் பாடு என்றால், பெண்டாட்டிக்கு ஒரு காதே போய்விட்டது என்று தெரிந்தால் அலமாரியையே விற்றுவிட்டு வந்து நிற்பார். அவரிடமிருந்து இருக்கிற ஒரே சந்தோஷத்தைப் பிடுங்குகிற ஆளாக அவள் இருக்க விரும்பவில்லை. ஆகவே பொத்திப் பொத்தி வைத்தாள்.

வீட்டில் சமாளிப்பது அப்படி ஒன்றும் கஷ்டமாக இல்லை. ஸ்பீக்கரில் வருகிற பாட்டு கூடம் முழுக்க நிறைவதால் ஒரு காதுக்கும் வந்து சேர்ந்துவிடும். திசைதான் தெரியாது. சமையலறையில் இருக்கும்போது அவர் கூப்பிட்டால் எந்த அறையிலிருந்து என்று தெரியாமல் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்ப்பாள். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து அவர் பேசும்போது, நல்ல காதை அவர் பக்கம் காட்டுவதற்காக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். சோபாவில் மட்டும் தகராறு. அவர் வழக்கமாக உட்காருவது அவளுக்கு இடது பக்கம், பிளேயருக்குக் கிட்டத்தில். இடத்தை மாற்றச் சொன்னால் ஏன் என்று கேட்பார். பாட்டு ஓடும்போது அந்தப் பக்கமிருந்து அவர் ஏதாவது முணுமுணுத்தால், பாட்டைப் பற்றித்தான் இருக்கும் என்று ஒரு குத்துமதிப்பில் தலையை ஆட்டி வைப்பாள். சில சமயம் அதுவும் இல்லை. பேசினார் என்பதே தெரியாமல் போய்விடும்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். அந்த வெள்ளிக்கிழமை அவர் ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தார்.

"என்னங்க இது?"

"ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர். நம்ம பெட்டியில ஹெட்ஃபோன் மாட்டத் துளையே கிடையாதுல்ல, இதைப் பின்னாடி சேர்த்துட்டா மாட்டிக்கலாம். ஸ்பீக்கரை அணைச்சுட்டுக் கேக்கலாம்." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழித்துக்கொண்டே சொன்னார். "கீழ் வீட்டு டீச்சர் சொன்னாங்க, சத்தம் கொஞ்சம் அதிகமா இருக்காம்."

உள்ளே ஒரு கறுப்புப் பெட்டி, மதியச் சாப்பாட்டு டப்பா அளவுக்கு இருந்தது. முன்பக்கம் ஒரு குமிழ், ஒரு சின்ன விசை, ஹெட்ஃபோன் செருக ஒரு துளை. கூடவே, இரண்டு காதையும் முழுசாக மூடுகிற தடித்த ஹெட்ஃபோன்.

"ஞாயித்துக்கிழமை மாட்டிடலாம். நீதான் முதல்ல கேட்டுச் சொல்லணும்" என்றார். பிறகு, "ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றார்.

ஸ்பீக்கர் என்றால் ஊருக்குப் பொது. ஹெட்ஃபோன் அப்படி இல்லை. இடது பக்கத்துப் பாட்டு இடது காதுக்கு மட்டும், வலது பக்கத்துப் பாட்டு வலது காதுக்கு மட்டும். அவர் சும்மா விடமாட்டார். இடது பக்கம் என்ன கேக்குது, வலது பக்கம் என்ன கேக்குது என்று துருவித் துருவிக் கேட்பார். பாதிப் பரீட்சைத்தாள் காலியாக இருக்கும்.

சனிக்கிழமை தங்கையின் வீட்டுக்குப் போனாள். தங்கைக்கு விஷயம் தெரியும் என்பதால் சுற்றி வளைக்க வேண்டியிருக்கவில்லை.

"மாமா எதைப் போட்டுக் காட்டுவாருன்னு உனக்கே தெரியுமேக்கா" என்றாள் தங்கை.

தெரியும். புதுசாக எதை வாங்கி மாட்டினாலும் முதலில் ஓடுவது அந்தப் பழைய ஜோடிப் பாட்டுத்தான். தங்கை தன் கைபேசியில் அதைத் தேடிப் பிடித்து, இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி காத்திருந்தாள்.

"அந்தக் காலத்துல எப்படிப் பிரிச்சு வச்சிருக்காங்க பாரேன். ஆம்பளக் குரல் முழுசா இடது பக்கம். பொம்பளக் குரல் வலது பக்கம். வயலின் இடது. பியானோ வலது. ஆரம்பத்துல அந்த ஆளு லேசாத் தொண்டையைச் செருமுறான், அதுகூட இடது பக்கந்தான்."

"செருமுறதை நான் சொன்னா நல்லா இருக்கும்ல?"

"அளவாச் சொல்லு. ரொம்ப அள்ளிவிடாத." தங்கை இயர்ஃபோனைக் கழற்றினாள். "இதுக்குப் பேசாம உண்மையைச் சொல்லிடலாம்கா. மாமா என்ன கடிச்சா தின்னுடுவாரு?"

"கடிச்சாக்கூடப் பரவாயில்ல. ஒண்ணும் சொல்லாமப் போர்வையைப் போட்டு மூடிடுவாரு. அதுதான் எனக்குப் பயம்."

ஆண் குரல் இடது, பெண் குரல் வலது, வயலின் இடது, பியானோ வலது என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வீடு திரும்பினாள். மாடிப்படியில் கீழ் வீட்டுக் கணக்கு டீச்சர் காய்கறிப் பையோடு எதிரே வந்தார். மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அவள் நின்றாள்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர். சத்தம் தொந்தரவா இருந்துச்சுன்னு இவர் சொன்னாரு. இனிமே ஹெட்ஃபோன்தான்."

டீச்சர் பையைக் கீழே வைத்தார். "எங்களுக்கா? நாங்க ஒண்ணும் சொல்லலையே. சொல்லப்போனா, கொஞ்ச நாளா உங்க வீட்டுல பாட்டே கேக்கலையே, ஊர்ல இல்லையோன்னு நினைச்சேன்."

மிச்சப் படிகளை அவள் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. கீழ் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை என்றால் இவர் ஏன் அப்படிச் சொன்னார்? இதற்கு அவளுக்கு ஒரே ஒரு விடைதான் தோன்றியது. மோப்பம் பிடித்துவிட்டார். காது விஷயம் எப்படியோ கசிந்திருக்கிறது. நேரே கேட்காமல், ஹெட்ஃபோனை மாட்டிவிட்டுக் கையும் களவுமாகப் பிடிக்கப் பார்க்கிறார். ஆலையில் பாட்டிலில் விரிசல் இருக்கிறதா என்று விளக்குக்கு முன்னால் ஓடவிட்டுக் கண்டுபிடிக்கிறவர் ஆயிற்றே. இருபத்தைந்து வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவரைப் பற்றி ஒரு மாடிப்படி ஏறுவதற்குள் எவ்வளவு நினைக்க முடிகிறது பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்த டம்ளரை வைத்த கையோடு அவர் வேலையை ஆரம்பித்துவிட்டார். அலமாரியை ஒரு சாண் மட்டும் முன்னால் இழுக்க முடிந்தது. அதற்கு மேல் ஸ்பீக்கர் வயர் விடவில்லை. அந்தச் சந்தில் தோள்வரை கையை விட்டு, கன்னத்தைச் சுவரில் அழுத்திக்கொண்டு நின்றார். டார்ச் பிடிக்கிற வேலை அவளுடையது.

"பின்னாடி ரெண்டு வரிசை துளை இருக்கு பாரு. மேல் வரிசை வெளிய அனுப்புறது, கீழ் வரிசை உள்ள வாங்குறது. நமக்கு மேல் வரிசைதான் வேணும். சிவப்பு வலது பக்கத்துக்கு, வெள்ளை இடது பக்கத்துக்கு." வயரை அவரே அளந்து வெட்டி, முனைகளைப் பற்றவைத்துத் தயாராக வைத்திருந்தார். அதில் அவருக்குப் பெருமை.

சிவப்பு முனை ஏறிவிட்டது. வெள்ளைக்காக அவர் கையை இன்னும் உள்ளே விட்டார். அப்போது அவர் தலை சந்துக்குள், அவளுடைய இடது பக்கத்தில், சுவரைப் பார்த்து இருந்தது. "கொஞ்சம் மேல காட்டு" என்று சொன்னார். அவள் காதில் அது சொல்லாக விழவில்லை. ஏதோ முனகல் மாதிரி வந்தது. அசையாமல் பிடிக்கச் சொல்கிறார் போலிருக்கிறது என்று இரண்டு கையாலும் டார்ச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். டார்ச் வெளிச்சம் கீழ் வரிசையில் போய் அசையாமல் நின்றது. வெளிச்சம் விழுந்த இடத்தில் வெள்ளை வளையம் போட்ட துளை ஒன்று தெரிந்தது. அவர் அவளை நம்பி அதில் செருகிவிட்டார்.

அலமாரியை உள்ளே தள்ளி, கையைத் துடைத்துக்கொண்டு, அவளைச் சோபாவின் நடுவில் உட்காரவைத்தார். ஸ்பீக்கரை அணைத்தார். தட்டை வைத்தார். ஹெட்ஃபோனை அவரே எடுத்து அவள் தலையில் பொருத்தி, முடியை ஒதுக்கிவிட்டார். அவர் விரல் இடது காதில் பட்டபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பாட்டு வந்தது. வலது காதில் பியானோ துளித்துளியாக விழுந்தது. பிறகு பெண் குரல் வந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது. குரலுக்கு நடுவே மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. இடது பக்கம் வெறும் சுவர். அது எதிர்பார்த்ததுதானே. பெண் ஒரு வரி பாடி நிறுத்துவாள், ஒன்றுமில்லாத ஓர் இடம் வரும், பிறகு மறுபடியும் பாடுவாள். அந்த ஒன்றுமில்லாத இடத்தில் ஆண் பாடுகிறான் என்று அவள் கணக்குப் பண்ணிக்கொண்டாள். அந்த இடங்களில் ரசிப்பது போல் தலையைக்கூட ஆட்டினாள்.

ஹெட்ஃபோனைக் கழற்றினாள். அவர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அருமையா இருக்குங்க."

"பொதுவாச் சொல்லாத. பிரிச்சுச் சொல்லு."

"வலது பக்கம் அந்தம்மா குரல், பியானோ. ரொம்பத் தெளிவு." ஒப்பிக்கிற மாதிரி இருக்கக் கூடாது என்று கொஞ்சம் நிறுத்தினாள். "இடது பக்கந்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. அந்த ஆளு பக்கத்துலயே நின்னு பாடுற மாதிரி இருக்கு. வயலினும் நல்லா வருது. ஆரம்பத்துல தொண்டையைச் செருமுறான் பாருங்க, அதுகூடக் கேக்குது."

அவர் முகம் மலர்ந்தது. பல மாதமாக அவள் அப்படிப் பார்த்ததில்லை. "செருமுறதா? அது எனக்கே இதுவரைக்கும் சரியாக் கேட்டதில்லையே" என்றவர், ஆசையாக ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டார். ஊசியை மறுபடியும் முதலில் வைத்தார்.

அவள் அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தாள். தலை தப்பியது என்று நினைத்தாள்.

அவர் இடது காதை விரலால் தட்டிக்கொண்டார். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி மாட்டினார். கேட்டார். மறுபடி திருப்பி மாட்டினார். குமிழை ஏற்றினார், இறக்கினார். பெண் ஒரு வரி, ஒன்றுமில்லாத இடம், பெண் ஒரு வரி. அவர் ஹெட்ஃபோனை மெதுவாகக் கழற்றி மடியில் வைத்தார்.

"இடது பக்கம் வரவே இல்ல" என்றார்.

அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

"வெள்ளை முனை தப்பான துளையில இருக்கு போல. இடது பக்கம் செத்துக் கிடக்கு. ஆம்பளக் குரலும் இல்ல, வயலினும் இல்ல." அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "செருமுறது கேட்டுச்சுன்னு சொன்னியே."

அவள் அவர் மடியில் கிடந்த ஹெட்ஃபோனைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமும் இப்படித்தானா? நான் எதை மாத்தினாலும் உன்னைக் கேட்டுத்தான் வச்சேன். நீ நல்லா இருக்குன்னா வைப்பேன், இல்லைன்னா கழட்டுவேன். எல்லாமே சும்மா, என் மனசு நோகக் கூடாதுன்னு சொன்னதுதானா?" கசப்பாகச் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "எனக்குக் கோபம் இல்லம்மா. நான் பேசினா உனக்குச் சலிப்பா இருக்கும்னு தெரியும். ஆனா நீ கேக்குறேன்னு நினைச்சேன்."

இப்போது அவள் முன்னால் இரண்டே வழி இருந்தது. ஆமாம், உங்களுக்காகத்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டால் காது தப்பிக்கும். ஆனால் அவள் உண்மையாகக் கேட்ட வருஷங்கள் அத்தனையும் பொய்யாகிவிடும். அவள் பாடகி தள்ளி நிற்கிறாள் என்றதும் அடித்தொண்டை என்றதும், அவர் ஒரு விரல்கடை நகர்த்தியதும், இருவரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டியதும், எல்லாம். அவ்வளவையும் கொடுத்துக் காப்பாற்ற வேண்டிய அளவுக்கு அந்தக் காது ஒன்றும் உயர்ந்த காது இல்லை என்று அவளுக்குப் பட்டது. அதுதான் ஏற்கெனவே போய்விட்டதே.

"எனக்கு இடது காது கேக்காதுங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"போன கோடையிலேருந்து. டாக்டர்கிட்டப் போனேன், திரும்ப வராதுன்னுட்டாரு. அதுக்கு முன்னாடி நான் சொன்னது எல்லாம் நெசம். கேட்டுத்தான் சொன்னேன். இன்னிக்கு மட்டுந்தான் பொய். என் தங்கச்சியைக் கேக்க வச்சு, மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்தேன்." "சொன்னா நீங்க எல்லாத்தையும் மூட்டை கட்டிடுவீங்க. உங்களுக்குன்னு இது ஒண்ணுதான் இருக்கு. அதான் சொல்லல."

அவர் எழுந்து அலமாரிக்குப் போனார். இதோ போர்வை வரப்போகிறது என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போர்வை வரவில்லை. அவர் அலமாரியை மறுபடியும் இழுத்துவிட்டுச் சந்துக்குள் கையை விட்டார். டார்ச்சைப் பிடிக்க அவளைக் கூப்பிடவில்லை. தடவித் தடவியே வெள்ளை முனையைப் பிடுங்கி மேலே செருகினார். பிறகு அந்தக் கறுப்புப் பெட்டியின் முகப்பில் இருந்த சின்ன விசையைக் கீழே தட்டினார். வந்து ஹெட்ஃபோனை அவள் தலையில் பொருத்தினார். இந்த முறை இடது காதில் விரல் பட்டபோது கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

பாட்டு வந்தது. முதலில் ஒருவன் தொண்டையைச் செருமினான். அவளுடைய நல்ல காதிலேயே செருமினான். வயலினும் பியானோவும் அதே பக்கம் வந்தன. பெண் ஒரு வரி பாடினாள், அந்த ஒன்றுமில்லாத இடத்தில் ஆண் பாடினான். அவள் அழுதுவிட்டாள். நன்றாக இருந்ததால்தான் அழுதாள்.

எதிரே அவர் உதடு அசைந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"என்ன சொன்னீங்க?"

"அந்த விசையைத் தட்டினா ரெண்டு பக்கமும் ஒண்ணாச் சேர்ந்து வரும்னு சொன்னேன். ஒரு காது போதும்." அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தலையைச் சொறிந்தார். "கீழ் வீட்டு டீச்சர் ஒண்ணும் சொல்லல. நான்தான் புளுகினேன்."

"தெரியும். படியில பார்த்தேன். நீங்க என் காதைச் சோதிக்கப் பாக்குறீங்கன்னு நினைச்சேன்."

"காதையா? உனக்கு என்னையே புடிக்கலன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சோபாவுல உக்காந்து ஏதாவது சொன்னா பதிலே வராது. சாப்பிடும்போது நான் வாயைத் தொறந்தா நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்குவே. சரி, இந்தச் சத்தமும் பேச்சும் உனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு, வெளிய சொல்ல மனசு வரல போலன்னு நினைச்சேன். அதான் பாட்டுச் சத்தத்தையும் கொறைச்சுக்கிட்டேன். இதை மாட்டிக்கிட்டா ஒரு ஓரமா நான் பாட்டுக்கு இருந்துக்கலாம்னு வாங்கினேன்."

"நீங்க பேசுறது நல்லாக் கேக்கணும்னுதாங்க திருப்பினேன்."

அவர் தலையாட்டினார். அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. சுவரைப் பார்த்த அந்த முகத்தை எத்தனை சாப்பாட்டு வேளை அவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தபோது அவளுக்குத் தாங்கவில்லை. இந்த மனிதரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவரைத் தனியாக விட்டிருக்கிறாள்.

"சோபாவுல என்னல்லாம் சொன்னீங்க? பாட்டைப் பத்தித்தானே?"

"பாட்டைப் பத்தித்தான்." ஸ்டூலின் விளிம்பை நகத்தால் சுரண்டினார். "ஒண்ணு மட்டும் வேற."

"என்ன அது?"

"அதை விடு. முடிஞ்சு போச்சு."

"சொல்லுங்க."

"ஆலையை விட்டுடலாமான்னு கேட்டேன்." அதைச் சொல்லும்போது ஏதோ செய்யக் கூடாததைச் செய்துவிட்ட ஆள் மாதிரி இருந்தது அவர் முகம். "அந்தச் சத்தத்துல இனிமே என்னால நிக்க முடியலம்மா. பழைய ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் ரிப்பேர் பாக்குற மாதிரி சின்னதா ஒரு கடை போடலாமான்னு கேட்டேன். நேர்ல பாத்துக் கேக்கத் தைரியம் இல்ல, பாட்டு ஓடும்போது பக்கத்துல உக்காந்து கேட்டேன். நீ ஒண்ணும் சொல்லல. இன்னொரு நாளும் கேட்டுப் பாத்தேன். அப்பவும் ஒண்ணும் சொல்லல. சரி, வேண்டாங்கிறது அவ எண்ணம், வாயால சொல்லி என்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம்னு பாக்குறான்னு நினைச்சு அதோட விட்டுட்டேன்."

விடிகிற நேரத்தில் வாசலில் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த அந்த முதுகு ஞாபகத்துக்கு வந்தது. தினமும் அவள் சாப்பாட்டு டப்பாவை நீட்டினாள், அவர் வாங்கிக்கொண்டு போனார். வேண்டாம் என்று அவளே சொல்லி அனுப்பிவைத்த மாதிரி போயிருக்கிறார், போய் அந்தப் பாட்டில்களுக்கு நடுவில் நின்றிருக்கிறார். அவள் வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

அவள் சோபாவில் இடது கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். வலது பக்கம் காலியான இடத்தைக் கையால் தட்டினாள். அவர் தயங்கித் தயங்கி எழுந்து வந்து அங்கே உட்கார்ந்தார். பழக்கமில்லாத இடம் என்பதால் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இப்பக் கேளுங்க."

"அதான் சொல்லிட்டேனே."

"சொன்னீங்க. இன்னும் கேக்கலை. அன்னிக்கு எப்படிக் கேட்டீங்களோ அப்படியே கேளுங்க."

அவர் அலமாரியைப் பார்த்துக்கொண்டு, பாட்டுக்கு இடைஞ்சல் வந்துவிடக் கூடாது என்பது போன்ற சின்னக் குரலில் கேட்டார். "ஆலையை விட்டுட்டு ஒரு கடை போடலாம்னு பாக்குறேன். நீ என்ன சொல்றே?"

ஒரு சொல் விடாமல் அவளுக்குக் கேட்டது.

"விட்டுடுங்க" என்றாள்.

அவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "அவசரப்படாத. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நீங்க கேட்டு எத்தனை மாசம் ஆச்சு. யோசிச்சாச்சுன்னு வச்சுக்குங்க."